குடியிருக்கிற மண் யாருடையது?
படிப்பு வட்டப் பாடம்: கேரளத்தின் காணி மந்திரி கே. ஆர். கௌரி அம்மா



இந்த முறை நாம் படிக்கப்போவது கடலுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் வாழ்ந்த ஓர் அம்மாவைப் பற்றி. பெயர் கே. ஆர். கௌரி அம்மா. 1919இல் பிறந்து 2021இல், நூற்றியொரு வயது முடிந்த நிலையில் காலமானார். நீண்ட ஆயுள், நீண்ட அரசியல். பல அரசாங்கங்களில் மந்திரியாக இருந்தவர். ஆனால் அவரை இன்றைக்கும் கேரளத்து ஏழைகள் ஞாபகம் வைத்திருப்பது ஒரே ஒரு காரியத்துக்காக. அடுத்தவன் காணியில் குடிசை போட்டுக்கொண்டு, எந்த நேரம் "எழும்பிப் போ" என்பானோ என்று பயந்து பயந்து கிடந்த குடும்பங்களுக்கு, அந்தக் குடிசை நின்ற மண்ணைச் சட்டப்படி சொந்தமாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை ஏன் நாம் படிக்க வேண்டும்? லயத்துக் காம்பராவில் பிறந்து, அதே காம்பராவில் பிள்ளை பெற்று, அதே காம்பராவில் பேரப்பிள்ளையையும் கண்டவர்களுக்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் முதலிலேயே ஒரு விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் தேயிலைத் தோட்டத்து வாசலில் வந்து நின்றுவிட்டது. உள்ளே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் இந்தப் பாடத்தில் இருக்கிறது. அதைத்தான் நாம் கூடுதல் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இந்தியாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டசபை, தனி மந்திரி சபை இருக்கின்றன. காணி விசயம் மாநிலத்தின் கையில். காணிக்குப் பொறுப்பான மந்திரியை அங்கே வருவாய் மந்திரி என்பார்கள். அரசாங்கத்துக்குச் சொந்தமான நிலத்தைப் பாதுகாப்பது, அதில் அத்துமீறிப் பிடித்தவர்களை விசாரிப்பது, காணி இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, வரி வாங்குவது எல்லாம் அந்த மந்திரியின் கீழ் வரும். நாம் "உறுதி" என்று சொல்கிற காணிப் பத்திரத்தை அங்கே "பட்டயம்" என்கிறார்கள். அங்கே காணியை அளப்பது சென்ட் கணக்கில். 100 சென்ட் ஒரு ஏக்கர். நமக்கு 160 பேர்ச் ஒரு ஏக்கர். ஆகவே 10 சென்ட் என்றால் 16 பேர்ச். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சேர்த்தலைப் பக்கத்துப் பெண்

ஆலப்புழைக்கு வடக்கே சேர்த்தலை என்று ஓர் ஊர். கயிறு திரிப்பதும், தென்னையும், வயலும்தான் அந்தப் பகுதியின் பிழைப்பு. அதற்குப் பக்கத்தில் பட்டணக்காடு என்ற கிராமத்தில் கௌரி பிறந்தார். ஈழவ சாதியைச் சேர்ந்த குடும்பம். அந்தக் காலத்தில் ஈழவர்களைச் சில கோயில் தெருக்களில் நடக்கக்கூட விடமாட்டார்கள். அதை எதிர்த்து வைக்கத்தில் 1924இல் நடந்த போராட்டத்தைப் பற்றி நம் பெரியவர்கள் சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். கௌரியின் வீடு ஓரளவு வசதியான வீடுதான். தகப்பனார் மகளைப் படிக்க வைத்தார். கல்லூரி முடித்துச் சட்டமும் படித்தார். ஈழவப் பெண்களில் முதன்முதலாகச் சட்டப் பட்டம் பெற்றவர் அவரே என்று எழுதுகிறார்கள்.

வக்கீல் வேலை பார்த்து நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அண்ணன் தொழிற்சங்கத்தில் இருந்தார். தங்கையும் அந்த வழியே போனார். 1940களின் கடைசியில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கட்சி தடை செய்யப்பட்ட காலத்தில் சிறைக்குப் போனார், பொலிஸாரின் சித்திரவதைக்கும் ஆளானார். அதைப் பற்றிப் பிற்காலத்தில் ஒளிவு மறைவு இல்லாமல் பேசியிருக்கிறார். வெளியே வந்து 1952இலும் 1954இலும் அப்போதைய திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைக்குத் தெரிவானார்.

1956 நவம்பர் 1ஆம் திகதி மலையாளம் பேசும் பகுதிகளைச் சேர்த்துக் கேரள மாநிலம் உருவானது. 1957இல் முதல் தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சி வென்றது. ஏப்ரல் 5ஆம் திகதி இ. எம். எஸ். நம்பூதிரிபாடு முதல்வராகப் பதவியேற்றார். அந்த மந்திரி சபையில் இருந்த ஒரே பெண் கௌரி. அவருக்குக் கொடுத்த பொறுப்பு வருவாய்த் துறை, அதாவது காணி. பெண் மந்திரி என்றால் பிள்ளைகள் நலம், மாதர் நலம் என்று ஏதாவது கொடுத்து ஒரு பக்கம் உட்கார வைக்கிற பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கே அப்படி நடக்கவில்லை. ஆகப் பெரிய சண்டை எங்கே வரப்போகிறதோ, அந்த இடத்திலேயே அவரை நிறுத்தினார்கள். அதே வருடம் அதே மந்திரி சபையில் இருந்த டி. வி. தாமஸை அவர் திருமணம் செய்துகொண்டார்.

முதல் வேலை: வெளியேற்றுவதை நிறுத்து

அந்தக் காலத்துக் கேரளத்தில் காணி எப்படி இருந்தது என்று பார்ப்போம். நிலச்சுவான்தாரை "ஜன்மி" என்பார்கள். ஜன்மியிடம் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர், அவரிடமிருந்து உள்குத்தகை எடுத்தவர் இன்னொருவர், இப்படி அடுக்கடுக்காகப் போகும். எல்லோருக்கும் கீழே இருந்தவர் "குடிகிடப்புக்காரர்". அடுத்தவன் காணியின் ஓரத்தில் ஓலைக் குடிசை போட்டு இருப்பவர். அநேகமாகப் புலையர், பறையர், ஈழவர் போன்ற சாதிகளைச் சேர்ந்த கூலி ஆட்கள். காணிக்காரன் கூப்பிட்ட நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். வாய் திறந்து கூலி கூட்டிக் கேட்டால் குடிசையைப் பிரித்துப் போடுவான். தென்னையில் விழுகிற தேங்காய்கூட இவர்களுக்கு உரிமை இல்லை. வேலையும் வீடும் ஒரே ஆளின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பது நம்ம ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புதிய அரசாங்கம் காணிச் சட்டம் கொண்டுவரப் போகிறது என்று தெரிந்தால் காணிக்காரர் சும்மா இருப்பாரா? சட்டம் வருவதற்கு முன்னாலேயே எல்லோரையும் விரட்டிவிடுவார். "என் காணியில் யாரும் இல்லையே" என்று கையை விரிப்பார். ஆகவே கௌரி அம்மாவின் துறை முதலில் செய்தது பெரிய சட்டம் இல்லை. பதவியேற்று ஒரு வாரம் முடிவதற்குள், 1957 ஏப்ரல் 11ஆம் திகதி, ஓர் அவசரச் சட்டம் வந்தது. குத்தகைக்காரரையும் குடிகிடப்புக்காரரையும் வெளியேற்றும் நடவடிக்கைகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. வாடகை பாக்கி என்ற காரணத்துக்காகக்கூட வெளியேற்ற முடியாது.

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் "யாரும் யாரையும் எழுப்பக் கூடாது". அதற்குப் பிறகுதான் "யாருக்கு எவ்வளவு" என்ற பேச்சு. என் பார்வையில் அவர் செய்த காரியங்களில் ஆகவும் புத்திசாலித்தனமானது இதுதான். இது நடக்காமல் இருந்திருந்தால் பிறகு வந்த சட்டம் எல்லாம் வெறும் கடதாசி. உரிமை கொடுக்க ஆள் அங்கே இருந்திருக்க மாட்டான்.

அதே காலத்தில் அரசாங்க நிலத்தை அத்துமீறிப் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்றும் 1957ஆம் வருடத்துச் சட்டமாக வந்தது. ஒரு கையால் பொது நிலத்தைக் காப்பாற்ற வேண்டும், மறு கையால் நிலமில்லாதவருக்குக் கொடுக்க வேண்டும். காணி மந்திரியின் வேலை இந்த இரண்டும்தான். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தவர்கள் பலர்.

சட்டம் போன பாதை

1957 டிசம்பரில் விவசாய உறவுகள் மசோதாவை கௌரி அம்மா சட்டசபைக்குக் கொண்டுவந்தார். குத்தகைக்காரருக்கு நிலையான உரிமை, குத்தகைக்கு வரம்பு, ஒரு குடும்பம் வைத்திருக்கக் கூடிய காணிக்கு உச்சவரம்பு, குடிகிடப்புக்காரருக்குப் பாதுகாப்பு ஆகியவை அதில் இருந்தன. ஒன்றரை வருடம் ஆராய்ச்சி, விவாதம், திருத்தம். 1959 ஜூனில் நிறைவேறியது. ஆனால் அதே மாதத்தில் அரசாங்கத்துக்கு எதிராக மாநிலமெங்கும் பெரிய கிளர்ச்சி எழுந்தது. கல்விச் சட்டம் ஒரு காரணம், காணிச் சட்டம் இன்னொரு காரணம். ஜூலை 31ஆம் திகதி மத்திய அரசாங்கம் கேரள மந்திரி சபையைக் கலைத்துவிட்டது. மசோதா நிறைவேறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மசோதா என்ன ஆனது? ஜனாதிபதி அதைத் திருப்பி அனுப்பினார். அடுத்து வந்த அரசாங்கம் திருத்தங்கள் செய்தது. 1961இல் அது சட்டமானது. அந்த வருடக் கடைசியிலேயே இந்திய உச்ச நீதிமன்றம் (நம் நாட்டில் உயர் நீதிமன்றம் என்கிறோமே, அதற்குச் சமம்) வடக்கே காசர்கோடு, ஹோஸ்துர்க் பகுதி நிலங்களுக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செல்லாது என்றதற்கு நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று தோட்டத்தைப் பற்றியது. தேயிலை, கோப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கு உச்சவரம்பில் விலக்குக் கொடுத்திருந்தார்கள். பாக்கு, மிளகுத் தோட்டங்களுக்குக் கொடுக்கவில்லை. "அவற்றுக்கு ஒரு நியாயம், இவற்றுக்கு ஒரு நியாயமா? இது பாரபட்சம்" என்றது நீதிமன்றம். பாக்குத் தோட்டக்காரர் தமக்கும் அதே சலுகை வேண்டும் என்று கேட்டார்கள். தேயிலைக்கு ஏன் சலுகை என்று கேட்டு வழக்குப் போட அங்கே யாரும் இல்லை. தோட்டத்துக் கூலி ஆளுக்கு வக்கீல் வைக்க வசதி எங்கே?

பிறகு 1963இல் இன்னொரு காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதை நீதிமன்றத்தில் எளிதில் தாக்க முடியாதபடி அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் அதிகம்.

1964இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிரிந்தது. கௌரி அம்மா மார்க்சிஸ்ட் கட்சிப் பக்கம் நின்றார். கணவர் தாமஸ் மற்றக் கட்சியில் தங்கிவிட்டார். கட்சி பிரிந்தது, குடும்பமும் பிரிந்தது. 1967இல் ஏழு கட்சிகள் சேர்ந்து அரசாங்கம் அமைத்தபோது இருவரும் ஒரே மந்திரி சபையில், வெவ்வேறு கட்சியின் மந்திரிகளாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வேதனையை எல்லாம் விவரிக்க இந்தப் பக்கம் போதாது.

10 சென்ட்

1967இல் கௌரி அம்மாவுக்கு மறுபடியும் வருவாய்த் துறையே கிடைத்தது. பத்து வருடத்துக்கு முன் செய்து, இடையில் தட்டிப் பறிக்கப்பட்ட வேலையை மறுபடி எடுத்தார். 1963ஆம் வருடச் சட்டத்துக்குப் பெரிய திருத்த மசோதா ஒன்றை அவர் சட்டசபையில் நடத்திச் சென்றார். 1969 அக்டோபரில் நிறைவேறியது. அந்த மாதமே கூட்டணி உடைந்து அரசாங்கம் விழுந்தது! இரண்டாம் முறையும் அதே கதை. ஆனால் இந்த முறை மசோதா தப்பியது. நவம்பரில் முதல்வரான சி. அச்சுத மேனன், கௌரி அம்மாவின் கட்சியைச் சேராதவர், எதிர்ப் பக்கத்தவர். ஆனாலும் அவருடைய அரசாங்கம் அதைக் கைவிடவில்லை. 1970 ஜனவரி 1ஆம் திகதி முதல் அமுலுக்குக் கொண்டுவந்தது. சட்டத்தை நிறைவேற்றியவர் ஒருவர், நடைமுறைப்படுத்தியவர் இன்னொருவர். "பெயர் யாருக்கு" என்று இரண்டு கட்சிக்காரரும் இன்று வரை வாதாடுகிறார்கள். குடிசைக்காரனுக்கு அது முக்கியமில்லை.

சட்டம் சொன்னது என்ன? குத்தகைக்கு விடப்பட்ட காணிகளில் ஜன்மியின் உரிமை 1970 ஜனவரி 1ஆம் திகதி அரசாங்கத்தின் கைக்கு மாறியது. அரசாங்கத்திடமிருந்து அது குத்தகைக்காரருக்குப் போகும். ஆக, அன்றோடு குத்தகை முறைக்கு முடிவு. ஐந்து பேர் வரை உள்ள ஒரு குடும்பத்துக்கு 10 ஸ்டாண்டர்ட் ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதற்கு மேல் இருப்பதை எடுத்துக் காணியில்லாதவருக்குப் பிரிக்க வேண்டும்.

குடிகிடப்புக்காரருக்கு? கிராமப் பஞ்சாயத்துப் பகுதியில் குடிசையைச் சுற்றி 10 சென்ட், அதாவது 16 பேர்ச். முனிசிபல் பகுதியில் 5 சென்ட், நம் கணக்கில் 8 பேர்ச். பெரிய நகரத்தில் 3 சென்ட், 5 பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. இதை வாங்கும் உரிமை குடிசைக்காரருக்கு. காணிக்காரர் "விற்க மாட்டேன்" என்று சொல்ல முடியாது. விலையும் அவர் கேட்கிற விலை இல்லை. சந்தை விலையில் கால் பங்கு. காணிக்காரர் உச்சவரம்புக்கு மேல் வைத்திருப்பவர் என்றால் எட்டில் ஒரு பங்குதான். அதிலும் பாதியை அரசாங்க நிதி கொடுக்கும். மிச்சத்தைத் தவணையாகக் கட்டலாம்.

ஏன் இலவசமாகக் கொடுக்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. காசு கட்டி வாங்கினால் ரசீது இருக்கும். ரசீது இருந்தால் நாளைக்கு வேறொரு கட்சி வந்து "தருமமாகக் கொடுத்தது, திருப்பித் தா" என்று சொல்ல முடியாது. இது என் அபிப்பிராயம். வேறு மாதிரி நினைப்பவர்கள் வட்டத்தில் பேசலாம்.

சட்டம் வந்ததும் காணி தானாக வந்து மடியில் விழுந்ததா? இல்லை. உள்ளூர்ச் சபைகள் குடிகிடப்புக்காரர்களின் பதிவேடு வைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தால் பாதி வழக்கு வென்ற மாதிரி. பெயர் இல்லாதவர்களின் பாடு திண்டாட்டம். 1969 டிசம்பரில் ஆலப்புழையில் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் பெரிய மாநாடு கூடினார்கள். சட்டம் அமுலாகும் ஜனவரி முதலாம் திகதியிலிருந்து யாருக்கும் காத்திருக்காமல் அவரவர் குடிசையைச் சுற்றி 10 சென்ட்டை அளந்து வேலி கட்டுவோம் என்று தீர்மானம் எடுத்தார்கள். அப்படியே செய்தார்கள். பல இடத்தில் அடிதடி, கைது, சிறை. முன்னால் நின்றவர்களில் பெண்கள் ஏராளம். வேலியில் ஒரு கம்பை நட்டு, அந்தக் கம்பின் பக்கத்திலேயே இரவு பகலாக உட்கார்ந்திருக்க வேண்டுமே! பகலில் நட்டதை ராத்திரியில் பிடுங்கிவிடுவார்கள்.

காலப்போக்கில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குடிசைக் குடும்பங்கள் தங்கள் வீட்டு மண்ணுக்கு உரிமை பெற்றன. 16 பேர்ச்சில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நாலு தென்னை, ஒரு பலா, ஒரு முருங்கை, ஒரு ஆடு, நாலு கோழி. அதைவிடப் பெரியது, மறுநாள் கூலிக்குப் பேரம் பேசும்போது நடுக்கம் இல்லாத நாக்கு. "வேலை வேண்டாமென்றால் வேண்டாம், வீடு என்னுடையது" என்று சொல்ல முடிந்ததே, அது.

குறையும் சொல்ல வேண்டும். 1957இல் பேச்சு ஆரம்பித்து 1970இல் அமுலாகும் வரைக்கும் பதின்மூன்று வருடம். அந்தக் காலத்துக்குள் பெரிய காணிக்காரர்கள் மகன் பெயரில், மருமகன் பெயரில், கோயில் பெயரில் என்று பிரித்து எழுதிவிட்டார்கள். எதிர்பார்த்த அளவு உபரிக் காணி கிடைக்கவே இல்லை. குத்தகைக்காரர் காணிக்குச் சொந்தக்காரர் ஆனார். ஆனால் வயலில் இறங்கி வேலை செய்த தலித் மக்களுக்குக் கிடைத்தது அந்த 10 சென்ட் வீட்டு மண் மட்டும்தான், வயல் இல்லை. "உழுதவனுக்கு நிலம்" என்றார்கள். குத்தகைக்காரரே உழுதவராகக் கணக்கில் வந்தார். கூலிக்கு ஏர் பிடித்தவர் கணக்கில் வரவில்லை.

தோட்டத்து வாசல்

இனி நம் விசயத்துக்கு வருவோம். கேரளத்தில் மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு, வயநாடு என்று தேயிலை மலைகள் இருக்கின்றன. மூணாற்றுத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்கள் தமிழர்கள். அங்கேயும் வீட்டுக்குப் பெயர் லயம்தான். படிப்பு வட்டத்தில் ஒரு அக்கா எழும்பிக் கேட்பார், எனக்குத் தெரியும்: "அப்போ மூணாத்து ஆளுகளுக்கும் பத்து சென்ட் கெடச்சிச்சா?"

கிடைக்கவில்லை. தேயிலை, கோப்பி, ரப்பர், ஏலம் போன்ற தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு என்று 1957இலிருந்தே மசோதாவில் இருந்தது. 1963ஆம் வருடச் சட்டத்திலும் இருந்தது. 1969ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது. அதற்கு அரசாங்கங்கள் சொன்ன நியாயம் எளிது: தோட்டத்தைத் துண்டு போட்டால் உற்பத்தி போகும், ஏற்றுமதி போகும், வேலை போகும். தோட்டத்துத் தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் பொறுப்பு 1951ஆம் வருடத்து இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி முதலாளிக்கு இருந்தது. சட்டம் முதலாளியைப் பார்த்து "வீடு கொடு" என்றது. தொழிலாளியைப் பார்த்து "வீடு உன்னுடையது" என்று சொல்லவில்லை. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கும் விளங்கப்படுத்துங்கள். முதலாவது வாக்கியத்தின்படி வேலை இருக்கும் மட்டும் வீடு. பென்சனுக்குப் போனால் காம்பராவைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளில் ஒருவர் பேர் பதிந்து தோட்டத்தில் வேலைக்கு நிற்க வேண்டும். அதனால்தான் படித்த பிள்ளைகளையும் லயம் பிடித்து இழுக்கிறது.

விலக்கை உடைக்காமல் சுற்றி வந்த ஒரு முயற்சியும் நடந்தது. மூணாறு மலையை 1877இல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து ஜோன் டானியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பெற்றார். பிறகு அது கண்ணன் தேவன் கம்பெனியின் கைக்கு வந்தது. 1971இல் அச்சுத மேனன் அரசாங்கம் தனிச் சட்டம் ஒன்று போட்டு, அந்த மலையில் தேயிலைக்குத் தேவைப்படாத நிலத்தை அரசாங்கத்துக்கு எடுத்தது. விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் பகிர்ந்து கொடுப்பது நோக்கம் என்று சொன்னதால் 1972இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சுமார் 57,000 ஏக்கர் கம்பெனியிடமே விடப்பட்டது. மிச்சம் அரசாங்கத்துக்கு. அந்த மிச்ச நிலத்தில் தொழிலாளிக்குப் போனது மிகக் கொஞ்சம். மூணாற்று அரசாங்க நிலத்தை யார் யார் பிடித்துக் கட்டடம் எழுப்பினார்கள் என்ற வழக்குகள் பல வருடமாக நடந்தன. லயத்தில் இருந்தவர்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

2015 செப்டெம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் போனசுக்காகவும் சம்பளத்துக்காகவும் வேலையை நிறுத்தி ரோட்டில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. "பொம்பிளை ஒருமை" என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கேட்ட 20 சதவீதத்தையும் வாங்கினார்கள். லயத்து வீட்டு நிலைமையையும் அவர்கள் பேசினார்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு பெட்டிமுடி டிவிசனில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. காணாமற்போனவர்களையும் சேர்த்து 70 பேர் இறந்தார்கள். 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நாம் கண்ட அதே காட்சி. பெட்டிமுடியில் உயிர் தப்பிய குடும்பங்களில் சிலருக்குப் பிறகு அரசாங்கம் வேறிடத்தில் காணி கொடுத்து, கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. மலை சரிந்த பிறகு கிடைத்த காணி.

நம் நாட்டுக் கதையும் இதற்குத் தூரமில்லை. 1972ஆம் வருடக் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஓர் ஆளுக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு போட்டபோது, பொதுக் கம்பெனிகளின் தோட்டங்கள் அதில் சேரவில்லை. 1975இல் அவற்றையும் அரசாங்கம் எடுத்தது. எடுத்த காணியில் லயத்துக் குடும்பத்துக்குப் பங்கு வரவில்லை, சில பகுதிகளில் இருந்த லயத்தையும் விட்டு விரட்டப்பட்டார்கள். பெரியவர்களைக் கேளுங்கள், 1973, 74இன் பஞ்சத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். 1964ஆம் வருட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போன நம் மலையகக் குடும்பங்களில் சிலருக்குக் கேரளத்துப் புனலூரில், அவர்களுக்காகவே தொடங்கிய அரசாங்க ரப்பர்த் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கௌரி அம்மாவின் சட்டம் அமுலான அதே மாநிலத்துக்குத்தான் போனார்கள். போனது தோட்டத்துக்கு.

தனியாக நின்ற ஓட்டு

கௌரி அம்மாவின் மிச்ச அரசியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1980இலும் 1987இலும் மறுபடி மந்திரியானார். 1987இல் அவர்தான் முதல்வராவார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் ஆக்கவில்லை. 1994 தொடக்கத்தில் கட்சி அவரை வெளியேற்றியது. எழுபத்தைந்து வயதை நெருங்கும்போது சொந்தக் கட்சி ஆரம்பித்தார். பிறகு முன்பு எதிர்த்து நின்ற காங்கிரஸ் கூட்டணியில் சேர்ந்து 2001 முதல் 2006 வரை விவசாய மந்திரியாக இருந்தார். அந்தக் கூட்டைப் பலர் குறை சொன்னார்கள். சொல்ல வேண்டியதுதான்.

ஆனால் 1996இல் நடந்த ஒன்றை மறக்கக் கூடாது. ஆதிவாசிகளிடமிருந்து பிடுங்கிய காணியை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேரளத்தில் 1975இல் ஒரு சட்டம் வந்தது. இருபது வருடமாக அது அமுலாகவில்லை. பிடித்து வைத்திருந்தவர்களுக்கு ஓட்டு அதிகம், ஆதிவாசிகளுக்கு ஓட்டுக் கொஞ்சம். கடைசியில் சட்டத்தையே தளர்த்துவதற்கு 1996இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆளும் கட்சியும் எதிர்க் கட்சியும் ஒன்றாகக் கை தூக்கின. எதிர்த்து நின்றது ஒரே ஒரு உறுப்பினர், கௌரி அம்மா. திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. பிறகு ஜனாதிபதி அதற்கு ஒப்புதல் தரவில்லை.

2021 மே 11ஆம் திகதி திருவனந்தபுரத்தில் காலமானார். சுயசரிதையும் எழுதியிருக்கிறார். 2011இல் கேரள சாகித்திய அகாதமி விருது அதற்குக் கிடைத்தது.

வட்டத்தில் பேச

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் உள்ள கடதாசிகளை எடுத்துப் பாருங்கள். அண்மைய வருடங்களில் 7 பேர்ச் காணியோடு தனி வீடு கிடைத்தவர்கள், அது கேரளக் கணக்கில் நாலரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் இருப்பது உறுதியா, அல்லது வீட்டில் இருக்க அனுமதி தரும் கடிதம் மட்டுமா? அதில் கணவன் பெயரா, மனைவி பெயரா, இருவர் பெயருமா? லயத்தில் இருப்பவர்கள், காம்பரா யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, அந்த ஆள் வேலையை விட்டால் என்ன ஆகும் என்று தோட்டத்து ஒப்பீசில் கேட்டு எழுதி வாருங்கள். கேரளத்தில் வெளியேற்றுவதை முதலில் நிறுத்திப் பிறகு காணி பிரித்தார்கள். நம் தோட்டத்தில் எதை முதலில் கேட்க வேண்டும் என்று மாதர் சங்கத்து ஆட்கள் ஆரம்பித்துப் பேசட்டும். எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவர் குறிப்பு எடுக்கட்டும்.